மொஸ்பெட்டும் தோசை மாவும்

போன மாதம் பழைய பட்டறைக்குக் கோப்பி குடிக்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிடப் பெரிய அலுவல் என்ன இருக்கிறது? இப்போது என் மேசையில் வேலை செய்பவள் மதுரா. இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் பிறந்து, இங்கேயே மின்னணுவியல் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. கோப்பியோடு சேர்த்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பலகையையும் என் உள்ளங்கையில் வைத்தாள். முந்நூறு வாட் அம்ப்ளிபயராம். ஒரு மணித்தியாலம் பாடவிட்டு அப்போதுதான் கழற்றினாளாம். தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. முப்பது வருடம் சூட்டோடு மல்லுக்கட்டி, விரல் நுனியெல்லாம் கொப்புளம் வாங்கிய மனிதனிடம் கொண்டுவந்து காட்டுகிற சாமானா அது? மதுரா சிரித்தாள். "அப்ப உங்கடை காலத்திலை எந்தச் சர்க்கிட் நல்லம் எண்டு எப்பிடித் தெரிவு செய்தனீங்கள் அங்கிள்?" என்று கேட்டாள். பெரும்பாலும் கணக்கால், கொஞ்சம் காதால், ஒரு தடவை தோசை மாவால் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பகிடி இல்லை என்பதை நிறுவத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ரேடியோ திருத்தும் கடையில். ஆறு வருடம். ஈயம் உருக்கினேன், திட்டு வாங்கினேன், சர்க்கிட் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசிக்கப் பழகினேன். பிறகு சண்டை வந்தது, கடை போனது, நானும் போனேன். அவ்வளவுதான் என் படிப்பு. சான்றிதழ் என்று ஒரு துண்டுக் கடதாசியும் கையில் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த வேலை வீடு துடைப்பதும் படி கூட்டுவதும். நானும் பொலிதேயாமாப் பக்கம் ஒரு பழைய மாளிகையின் நாலு மாடிப் படிகளையும் கூட்டினேன். அந்த மாளிகையின் கீழ்த்தளத்தில்தான் சிஞ்ஞோர் கலோஜெரோவின் பட்டறை இருந்தது. வசதியான வீடுகளுக்கு, கையாலேயே அம்ப் செய்து கொடுப்பவர். அவருடைய பட்டறையையும் கூட்டச் சொன்னார்கள். ஒருநாள் மேசையில் அவர் விரித்து வைத்திருந்த வரைபடத்தில் ஒரு கொண்டென்சர் திசை மாறிக் கிடந்ததைக் கண்டேன். சும்மா இருக்க முடியவில்லை. துடைப்பத்தின் பிடியால் தொட்டுக் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நாள் எனக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்.

மூன்று வருடம் அந்த முக்காலியில் இருந்து வேலை செய்தேன். ஆனால் கடதாசியில் நான் துப்புரவாளன்தான். அந்தக் காலத்தில் இத்தாலியில் வேலை செய்கிற எல்லாருக்கும் ஒரு வேலைப் புத்தகம் உண்டு. நீ யாரிடம், என்ன வேலை செய்கிறாய் என்று அதில் எழுதி முத்திரை குத்துவார்கள். என் புத்தகத்தில் எழுதியிருந்தது துடைப்பம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனாலும், வீடு வாடகைக்குக் கேட்கப் போனாலும், அந்தப் புத்தகத்தைத்தான் நீட்ட வேண்டும். எனக்கு அது பெரிய மனக்குறை. என் மனைவி தவமணிக்கு அதைவிடப் பெரிய குறை, ஏனென்றால் அவள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் என்னை எப்போதோ எஞ்சினியர் ஆக்கிவிட்டாள். திருத்தி எழுதும்படி நான் சொன்னபோதெல்லாம், "நான் எழுதினதைத் திருத்த ஏலாது, நீங்கள் புத்தகத்தைத் திருத்துங்கோ" என்பாள்.

இனி சிஞ்ஞோர் கலோஜெரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேசியது சிசிலிய மொழி. ஆனால் எத்தனையோ வருடமாக என் மனதுக்குள் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார், ஆகவே அப்படியே எழுதுகிறேன். அறுபதை நெருங்கிய, கட்டையான மனிதர். மணிக்கூடு திருத்துபவர்கள் போடுகிற சாம்பல் நிற மேலங்கி. "நல்லாயிருக்கு" என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒரு வேலை மிகத் திறமாக அமைந்துவிட்டால், "இன்னும் எரியேல்லை" என்பார். அதுதான் அவருடைய தங்கப் பதக்கம்.

புதிதாகக் கட்டிய அம்புக்கு முதல் தடவை மின்சாரம் கொடுப்பதை அவர் பூசை போலச் செய்வார். பட்டறைக் கதவைச் சாத்துவார். எல்லாரும் இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் வைக்க வேண்டும், அவர் உட்பட. இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் ஒரு கையால் ஏறி நெஞ்சுக்குள்ளால் மறு கைக்குப் போகும், ஒரு கை என்றால் தப்பிக்க இடமுண்டு. பிறகு மின்கம்பியில் ஒரு நூறு வாட் பல்பைத் தொடராகச் சேர்ப்பார். ஆளியைத் தட்டியதும் பல்ப் பளிச்சென்று எரிந்து, உடனே மங்கினால் அம்ப் உயிரோடு பிறந்திருக்கிறது என்று அர்த்தம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கேயோ ஷோர்ட். அந்த இரண்டு விநாடியும் அவர் மூச்சு விடமாட்டார், நாங்களும் விடமாட்டோம். அதன் பிறகு அளவுகள். சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது, அரை மணித்தியாலம் சூடான பிறகு எவ்வளவு என்று பென்சிலால் எழுதுவார். அதன் பிறகு எழுபத்திரண்டு மணித்தியாலம் அணைக்காமல் ஓடவிட வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் காதுப் பரீட்சை. அதற்கு அவர் சங்கீதம் போடுவதில்லை. அவருடைய தங்கை சமையலறையில் பாதாம் கொட்டைகளைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டே யாரையோ ஏசுகிறதை அவரே பதிவு செய்து வைத்திருந்தார். டக், ஒரு வசவு, டக், ஒரு வசவு. பாதாம் உடைகிற சத்தத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாத அம்ப் வயலினை மட்டும் எப்படிச் சொல்லும் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை இன்றுவரை என்னால் முறியடிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம், தொத்தோரே வந்தார். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். மொண்டெல்லோக் கடற்கரையில் அவருக்குக் கோடை வீடு. அந்த வீட்டுக் கூடத்துக்கு ஒரு நல்ல அம்ப் வேண்டும் என்றார். அவர் வாங்கியிருந்த ஸ்பீக்கர்கள் பெரிய வயிற்றுக்காரர்கள், மின்னோட்டத்தை அள்ளி அள்ளிக் குடிக்கிறவை. மின்விசிறி வைக்கக் கூடாது, இரைச்சல் ஆகாது. அம்ப் சுவர் அலுமாரி ஒன்றுக்குள் இருக்க வேண்டும், அவர் மனைவி சிஞ்ஞோராவுக்கு வயர் கண்ணில் படக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, வீட்டில் தாங்கள் இருப்பது ஆடி ஆவணியில் மட்டும்தான் என்றார். ஆவணியில் ஆபிரிக்காப் பக்கமிருந்து வெக்கைக் காற்று அடித்தால் மொண்டெல்லோவில் மணலில் கால் வைக்க முடியாது.

அவர் போனதும் எந்தத் தொழில்நுட்பம் என்ற விவாதம் தொடங்கியது. வால்வு அம்ப் செய்வதில் சிஞ்ஞோர் கலோஜெரோ விண்ணர், ஆனால் அந்த ஸ்பீக்கர்களின் பசிக்கு வால்வு தாங்காது என்று அவரே தள்ளிவிட்டார். ஒரே ஒரு மைக்ரோசிப்பில் முழு அம்பும் வருகிறதே என்றேன். அது கதவு மணிக்கு என்றார். அப்போது புதிதாகக் கதைக்கத் தொடங்கியிருந்த, ஆளியைப் போல அணைந்து அணைந்து எரிகிற வகையைப் பற்றிக் கேட்டேன். மதுரா கையில் வைத்த பலகையின் பாட்டன் அது. அது லிப்ட் மோட்டாருக்கு என்றார். மிஞ்சியது இரண்டு: கிளாஸ் ஏ, கிளாஸ் ஏபி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கிணற்றில் இரண்டு பேர் மாறி மாறித் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் இறைக்கும்போது மற்றவன் நித்திரை கொண்டால், முறை மாறும்போது எழும்பிக் கண்ணைக் கசக்குகிற நேரத்தில் ஒரு தடுமாற்றம் வரும். அந்தத் தடுமாற்றம்தான் காதுக்குக் கரகரப்பு. கிளாஸ் ஏயில் இரண்டு பேரும் நித்திரையே கொள்வதில்லை. தண்ணீர் தேவையோ இல்லையோ இருபத்திநாலு மணி நேரமும் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். தடுமாற்றமே இல்லை, ஆனால் வேர்த்து வழியும். கிளாஸ் ஏபியில் ஓய்வில் இருப்பவன் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவான். சத்தமும் ஏறத்தாழச் சுத்தம், சூடும் கொஞ்சம்தான்.

சிஞ்ஞோர் கலோஜெரோவுக்குக் கிளாஸ் ஏ என்றால் வேதம். சாதாரண டிரான்சிஸ்டரில், பக்கத்துக்கு நாலு வைத்து, கிளாஸ் ஏ செய்வதென்று தீர்மானித்துவிட்டார். நான் கடதாசியில் கணக்குப் போட்டேன். பாட்டே போடாமல் சும்மா நிற்கும்போது இருநூற்றைம்பது வாட் சூடு. ஆவணி மாதத்தில், மொண்டெல்லோவில், மூடின அலுமாரிக்குள். அது அம்ப் இல்லை, ரொட்டி சுடுகிற போறணை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குக் கைவந்த கலை. மொஸ்பெட் போட்டு ஏபியில் செய்யலாம் என்றேன். மொஸ்பெட்டும் ஒரு வகை டிரான்சிஸ்டர்தான், ஆனால் குணம் வேறு. சாதாரண டிரான்சிஸ்டர் சூடானால் இன்னும் கூட மின்னோட்டத்தை இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும், அதனால் இன்னும் இழுக்கும், கடைசியில் தானும் எரிந்து நம்மையும் எரிக்கும். நான் சொன்ன வகை மொஸ்பெட் சூடேறினால் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அவர் நெடுநேரம் பென்சிலை உருட்டினார். மொஸ்பெட்டின் சத்தத்தில் மூடுபனி இருக்கும் என்றார். இல்லை என்றேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி ரஜா. நீ உன்ரையைக் கட்டு, நான் என்ரையைக் கட்டுறன். தொத்தோரேயின்ரை வீட்டுக்கு உன்ரை போனால், நானே உன்னோடை வந்து உன்ரை புத்தகத்திலை தெக்னிக்கோ எண்டு எழுதுவிக்கிறன். என்ரை போனால் இனி என்னோடை கிளாஸ் ஏ பற்றி வாய் திறக்கப்படாது."

தெக்னிக்கோ என்றால் தொழில்நுட்பவியலாளன். அன்று நான் ஒரேத்தோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனேன். தவமணி விஷயத்தைக் கேட்டதும் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். மொண்டெல்லோவுக்கும் பெல்லெக்ரீனோ மலைக்கும் தூரம் இல்லையே என்று அந்த மலையில் கோயில் கொண்டிருக்கிற, ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவையும் துணைக்குக் கூப்பிட்டாள். சைவக்காரிதான், ஆனாலும் பலெர்மோவில் இருந்துகொண்டு ரொசாலியா அம்மாவைப் பகைக்கலாமா?

தை பிறந்து கொஞ்ச நாளில் இரண்டு அம்பும் பிறந்தன. இரண்டுக்கும் பல்ப் பளிச்சிட்டு மங்கியது. எழுபத்திரண்டு மணித்தியால ஓட்டம் வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை முடிய வேண்டும், திங்கள் மத்தியானம் தொத்தோரே கேட்க வருகிறார். பட்டறையின் மின்மானி அந்த இரண்டையும் மற்றச் சாமான்களையும் ஒன்றாகத் தாங்காமல் அடிக்கடி தானே அணைந்து மின்சாரத்தை நிறுத்தியது. ஆகவே அவருடையது பட்டறையிலும் என்னுடையது என் வீட்டிலும் ஓடுவதென்று முடிவானது. நடுவில் அணைக்கக் கூடாது, அணைத்தால் தோல்வி. இது சத்தியம்.

பலெர்மோ வீடுகளில் கோடைக்கு வேண்டிய எல்லாம் உண்டு, குளிருக்கு ஒன்றும் இல்லை. பளிங்குத் தரை, உயரக் கூரை. தை மாதத்தில் எங்கள் சமையலறைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் இராது. அந்த ஞாயிறு காலை பன்னிரண்டு பேரைத் தவமணி தோசைக்குக் கூப்பிட்டிருந்தாள். உளுந்து அரைத்துக் கரைத்து வைத்து ஒரு முழுப் பகல் போய்விட்டது. மாவு பொங்கவில்லை. கம்பளி சுற்றினாள், வெந்நீருக்குள் வைத்தாள், திட்டினாள். மாவு அசையவில்லை. நான் அதையெல்லாம் காதில் போடவில்லை. என் அம்ப் மூலையில் இருந்து வானொலியில் ஏதோ பூசையை மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. மூடியைத் தொட்டால், குளித்துவிட்டு வந்த குழந்தையின் முதுகு போல இளஞ்சூடு. சனிக்கிழமை நிம்மதியாகப் படுத்தேன்.

ஞாயிறு விடியும் நேரம் தோசை வாசத்துக்கு எழும்பினேன். முறுகல் தோசை வாசம். நல்ல மனுசி, வேளைக்கே சுடத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்துத் திரும்பினால், தவமணி பக்கத்தில் நித்திரை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்புக்கு மேலே மாப்பானை. பானையையும் அம்பையும் சேர்த்து என் கம்பளிச் சட்டையால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். மாவு கோபுரமாகப் பொங்கி, சட்டையை நனைத்து, மூடியின் காற்றுத் துவாரங்களுக்குள்ளால் இறங்கி, சூட்டை வெளியே விடுகிற அலுமினியச் செதில்களுக்கு இடையில் போய் வெந்திருந்தது. செதிலுக்குச் செதில் ஒரு தோசை. வானொலியில் பூசை இன்னும் நடந்துகொண்டிருந்தது.

வெண்ணெய் திரண்டுவரத் தாழி உடைந்த கதை என்பார்களே, அதை அன்றுதான் அனுபவித்தேன். நான் போட்ட சத்தத்தில் தவமணி எழும்பி வந்தாள்.

"இஞ்சேரும், என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்?"

"அந்தச் சூடு சும்மா போகுது எண்டு வைச்சனான். நீங்கள்தானே சொன்னீங்கள், இது சூடானால் தானே அடங்கும், பயப்பிட வேண்டாம் எண்டு."

சொன்னது நான்தான். தன் வாயே தனக்கு எதிரி. மாவில் உப்புப் போட்டாளா என்று கேட்டேன். இல்லை, சுடும்போதுதான் போடுவேன் என்றாள். அது ஒரு நல்ல செய்தி, உப்புத் தண்ணீர் பலகையில் பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அணைக்கக் கையை நீட்டினேன். அணைத்தால் தோல்வி. நீட்டிய கை அப்படியே நின்றது. முதலில் அளந்து பார்ப்போம் என்று மீட்டரை எடுத்தேன். செதில்களின் சூடு எண்பது பாகையைத் தாண்டியிருந்தது. மின்னோட்டத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நான் வைத்த அளவைவிடக் குறைவு. மூச்சு முட்டியதும் தானே இழுப்பைக் குறைத்துக்கொண்டு, உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. கணக்கில் எழுதியதை முதல் தடவையாகக் கண்ணால் கண்டேன். சந்தோசத்தில் தவமணியைக் கட்டிப்பிடித்தேன். ஏசிவிட்டுக் கட்டிப்பிடிக்கிற மனிதனை அவள் பயத்தோடு பார்த்தாள்.

பிறகு இடக்கையைச் சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டு, வலக்கையில் மரக்கரண்டியோடு, ஓடிக்கொண்டிருந்த அம்புக்குள்ளிருந்து தோசை சுரண்டினேன். வந்த பன்னிரண்டு பேரும் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பானையில் மிஞ்சிய மாவில் தவமணி சுட்ட தோசை பஞ்சு போல இருந்தது. பலெர்மோவுக்கு வந்த பிறகு இப்படி ஒரு தோசை சாப்பிடவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அம்ப் ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

திங்கள் மத்தியானம் பட்டறையில் தொத்தோரேயை முதுகு காட்டி இருத்தினோம். திரைக்குப் பின்னால் இரண்டு அம்ப். சிஞ்ஞோர் கலோஜெரோ இடம் மாற்றி மாற்றிப் பாதாம் உடைத்தார். ஐந்து தடவை. எது நல்லது என்று தொத்தோரே சொல்ல வேண்டும். மூன்று தடவை என்னுடையதைச் சொன்னார், இரண்டு தடவை அவருடையதை. இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு கோழியைக்கூடத் தண்டிக்க முடியாது. பிறகு தொத்தோரே மூக்கைச் சுருக்கினார்.

"இஞ்சை ஆரோ பாண் சுடினம்" என்றார்.

நான் எவ்வளவு சுரண்டியும் ஏதோ ஒரு செதிலின் அடியில் துணுக்கு மிஞ்சிவிட்டது. என் அம்ப் சூடாக ஆக, பட்டறை முழுக்க முறுகல் வாசம். சிஞ்ஞோர் கலோஜெரோ திரைக்குப் பின்னால் போனார். குனிந்து மோந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பானை, மாவு, கம்பளிச் சட்டை, மரக்கரண்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் பென்சிலை எடுத்தார். எத்தனை கிலோ மாவு என்று கேட்டார். எத்தனை மணித்தியாலம், எண்பது எந்த இடத்தில், மின்னோட்டம் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு தொத்தோரேயிடம் ஒருநாள் தவணை கேட்டார். ஒரு பிள்ளை எழுதின பரீட்சையை மற்றப் பிள்ளையும் எழுத வேண்டும், அதுதான் நியாயம் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை தவமணியை வரவழைத்தார். இரண்டு பானை மாவு, இரண்டு கம்பளி. பல் வைத்தியரும் வந்து கோட்டைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்துவிட்டார். தவமணி என் அம்பைத் தொட்டுப் பார்த்துப் பானையை வைத்தாள். சிஞ்ஞோர் கலோஜெரோவின் அம்பைத் தொட்டதும் கையை உதறினாள்.

"இதிலை வைச்சா மாவு பொங்காது, அவிஞ்சுபோம் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். வையுங்கள் என்றார். வைத்து, கம்பளியைச் சுற்றினாள். அவர் மீட்டருக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, இடக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணிக்கு ஒரு தடவை அளவு எழுதினார். என்னுடையது ஏறி, நின்று, மெல்ல இறங்கத் தொடங்கியது. அவருடையது இரண்டரை அம்பியரில் தொடங்கியது. இரண்டே முக்கால். மூன்று. அடிப்பக்க மாவு வெந்து களி வாசம் வந்தது. மூன்றேகால். அணைக்கும் ஆளி அவருடைய வலக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மாதமாகக் கையால் கட்டிய அம்ப் அது, ஒவ்வொரு வயரையும் நூல் பிடித்து வளைத்திருந்தார். மூன்றரை. எனக்கு மனம் கேட்கவில்லை. தோற்பதற்குக்கூடத் தயாராகிவிட்டேன், அதை எரியவிட எனக்கு மனமில்லை. ஆளியை நோக்கிப் பாய்ந்தேன்.

"தொடாதை ரஜா. பரீட்சை முடியேல்லை."

நாலு. ஊசி துள்ளியது. 'டப்' என்று ஒரு சத்தம், பாதாம் உடைவது போலவே. வெள்ளைப் புகை எழும்பியது. பியூஸ் அதற்குப் பிறகுதான் போனது. பியூசைக் காப்பாற்ற டிரான்சிஸ்டர் உயிரை விடும் என்று எங்கள் தொழிலில் ஒரு பகிடி உண்டு, ஆனால் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சிஞ்ஞோர் கலோஜெரோ நேரத்தை எழுதினார். கம்பளியை அவிழ்த்தார். பானையைத் தூக்கித் தவமணியிடம் கொடுத்து, மரியாதையாகத் தலையைக் குனிந்தார். மேலங்கியைக் கழற்றிக் கொழுவிவிட்டு வெளியே போனார்.

தொத்தோரே என் அம்பைத்தான் எடுப்பதாகச் சொன்னார். எனக்கு அது பாதிதான் கேட்டது. அடுத்த நாள் சிஞ்ஞோர் கலோஜெரோ பட்டறைக்கு வரவில்லை. மூன்று வருடத்தில் அவர் வராத முதல் நாள். நான் படி கூட்டினேன். கூட்டின படியைத் திரும்பவும் கூட்டினேன். வீட்டுக்குப் போனால் தவமணி அழுதுகொண்டிருந்தாள், ஒரு பானை மாவால் உங்கள் வேலையையே கெடுத்துவிட்டேன் என்று. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வென்றவனுக்கு இவ்வளவு பயம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும், மினுக்கின சப்பாத்தும். முந்திய நாள் முழுக்க முடி வெட்டவும் கோட்டை வெளுக்கவும் அலைந்தாராம். "புத்தகத்தை எடு" என்றார்.

வேலைப் பதிவு அலுவலகத்தில் நீண்ட வரிசை. வரிசையில் நின்றே பழகாத மனிதர், இரண்டு மணித்தியாலம் எங்கள் ஆட்களோடு நின்றார். சும்மா நிற்கவில்லை. முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும், தன் அம்ப் எப்படி எரிந்தது என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். மூன்றேகால், மூன்றரை, நாலு, டப். வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். தன் தோல்வியை இவ்வளவு ரசித்துச் சொன்ன ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

யன்னலில் இருந்த அம்மா என் புத்தகத்தைப் புரட்டினார். துப்புரவாளன் என்று இருக்கிறதே, தெக்னிக்கோ என்று மாற்றுவதற்கு ஏதாவது சான்றிதழ் இருக்கிறதா என்று தன்மையாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் சிஞ்ஞோர் கலோஜெரோ கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அம்பின் ஒரு பக்கத்து நாலு டிரான்சிஸ்டர்களையும் எடுத்து, அவருக்கு முன்னால் வரிசையாக வைத்தார். நாலும் கரி.

"நான் முப்பத்தைஞ்சு வருசமா மாயெஸ்த்ரோ. இது நான் செய்தது, நாலும் எரிஞ்சிட்டுது. இவர் செய்ததிலை ஒண்டும் எரியேல்லை. அம்மா, இதைவிட என்ன சான்றிதழ் வேணும்?"

அந்த அம்மா டிரான்சிஸ்டர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலை கொடுப்பவரே எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும் என்று ஒரு படிவத்தைத் தள்ளினார். சிஞ்ஞோர் கலோஜெரோ தன் பென்சிலை எடுத்தார். பேனாவால் எழுதச் சொன்னார்கள். யாரிடமோ இரவல் வாங்கி எழுதினார். முத்திரை விழுந்த சத்தம் எனக்குப் பாதாம் சத்தத்தைவிடத் துல்லியமாகக் கேட்டது. நான் அந்த இடத்திலேயே அழுதேன், வெட்கப்படவில்லை.

அம்ப் மொண்டெல்லோவுக்குப் போனது. அந்த ஆவணியிலும் அதற்குப் பிறகு வந்த ஆவணிகளிலும் அலுமாரிக்குள் இருந்து பாடியது. ஆனால் அதைப் பற்றி நான் பெருமை பேசப் போவதில்லை, நான் பெருமைப்படுகிற இடம் வேறு.

அன்று வீட்டுக்குப் போனபோது தவமணி அடுப்பில் நின்றாள். புத்தகத்தை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுத்து எங்கே என்று தேடினாள். நான் விரல் வைத்து வாசித்தேன்: தெக்னிக்கோ. திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள். "ஆறுதலா."